பூட்டுப் போட்டால் மூட்டை கூடுமா?

களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோளமும் மகசூல் கணக்கும்



மக்காச்சோளம் என்றதும் மளிகைக் கடை நண்பர்களுக்குக் கார்ன் மாவும் கார்ன் பிளேக்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் கல்லாவோடு அதற்குள்ள சம்பந்தம் அதைவிடப் பெரியது. நாமக்கல் பண்ணைகளின் கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம்தான். அது ஏறினால் முட்டையும் ஏறும். ஸ்டார்ச் ஆலைகளும், இப்போது எத்தனால் ஆலைகளும் அதைத் தேடி வருகின்றன. எங்கள் கரிசல் பக்கத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் சுற்று வட்டாரத்தில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற முக்கியப் பயிர்களில் அதுவும் ஒன்று. ஆகவே இந்தப் பயிரின் விதையைப் பற்றி ஊரில் உலவும் பேச்சில் எது மெய், எது பொய் என்று தெரிந்துகொள்வது நம் தொழிலுக்கு நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். வருடா வருடம் எனக்குச் சரக்குக் கொண்டு வரும் ஒரு சம்சாரி, வழக்கம்போல் விதைக்கும் உரத்துக்கும் என்னிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் முகம் வாடி வந்து நின்றார். "அண்ணாச்சி, அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு மேலேயே களைக்கொல்லி அடிக்கிறாங்களாம். களை மட்டும் சாகுமாம், பயிர் சாகாதாம். நம்ம விதையும் வெளிநாட்டு ஒட்டு விதைதானேன்னு நானும் அடிச்சுட்டேன். ஒரு வாரத்துல எல்லாம் மஞ்சளடிச்சுப் போச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். களையும் கருகியிருந்தது, முழங்கால் உயரப் பயிரும் கருகியிருந்தது. நான்கு ஏக்கர். அவருக்கு அந்த வருடப் பிழைப்புப் போயிற்று. என் பேரேட்டில் அவர் கணக்கு மூன்று வருடம் நிலுவையில் நின்றது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவைப் பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மை. அவர் கையில் இருந்த விதை அந்த விதை இல்லை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அந்த மருந்தை விற்ற கடைக்காரரும் எந்தப் பயிருக்கு என்று கேட்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வரவு செலவுக் கணக்குப் பார்க்கத் தெரியும். அந்தக் கணக்கில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

களை எவ்வளவு தின்கிறது?

மக்காச்சோளம் முளைத்து முதல் ஐந்தாறு வாரம் குழந்தை மாதிரி. அந்தச் சமயத்தில் களை பக்கத்தில் நின்று தண்ணீரையும் உரத்தையும் வெயிலையும் பங்கு போட்டுக்கொண்டால், பிறகு எவ்வளவு கவனித்தாலும் பயிர் தேறாது. அதற்குப் பிறகு பயிரே குடை பிடித்தாற்போல் நிழல் விரித்துக் களையை அமுக்கிவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2007 முதல் 2013 வரையிலான சோதனை வயல் கணக்குகளைத் திரட்டி, அமெரிக்கக் களை அறிவியல் சங்கம் 2016 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. களையை அப்படியே விட்டுவிட்டால் மக்காச்சோள மகசூலில் சராசரியாக 50 சதவீதம் போய்விடும் என்று அதில் கண்டார்கள். அதாவது பாதி மூட்டை. ஆகவே களையைக் கட்டுப்படுத்துவது மிக அவசியம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அதற்கு ஆள் வைத்து வெட்டலாம், கலப்பை ஓட்டலாம், மருந்து அடிக்கலாம். மருந்து அடிப்பதென்றால் களை சாக வேண்டும், பயிர் பிழைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

தாங்கும் சக்தி எப்படி வந்தது?

சில மருந்துகளை மக்காச்சோளம் பிறவியிலேயே தாங்கும். 1950களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் உள்ள அட்ரசின் அப்படிப்பட்டது. அந்த மருந்து உள்ளே போனதும் மக்காச்சோளம் அதைச் செரித்து உதவாததாக ஆக்கிவிடும். பல களைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, செத்துப்போகும். இது இயற்கை கொடுத்தது, விதைக் கம்பெனி கொடுத்ததல்ல.

ஆனால் கிளைபோசேட் வேறு மாதிரி. மான்சாண்டோ நிறுவனம் 1974 இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்த மருந்து அது. செடி வளர்வதற்குத் தேவையான சில சத்துக்களைச் செடி தனக்குத்தானே சமைத்துக்கொள்கிறது. அந்தச் சமையல்கட்டில் ஒரு முக்கியமான அடுப்பை கிளைபோசேட் அணைத்துவிடும். களை, பயிர் என்று அதற்குப் பேதம் தெரியாது. பச்சையாக இருப்பது பெரும்பாலும் எல்லாம் பட்டுப்போகும். எங்கள் சம்சாரியின் வயலில் நடந்ததும் இதுதான்.

இந்த மாதிரி மருந்தைத் தாங்கும் மக்காச்சோளத்தை உண்டாக்க அமெரிக்காவில் இரண்டு வழியில் முயன்றார்கள். ஒன்று, மக்காச்சோளத்தின் திசுவை ஆய்வுக்கூடத்தில் மருந்து கலந்து வளர்த்து, சாகாமல் நின்றதை மட்டும் பொறுக்கி எடுப்பது. அப்படிக் கிடைத்ததுதான் இமிடசோலினோன் வகை மருந்தைத் தாங்கும் மக்காச்சோளம். 1992 இல் விற்பனைக்கு வந்தது. அதில் வேறு உயிரின் மரபணு எதுவும் கிடையாது.

இரண்டாவது, வேறோர் உயிரிலிருந்து மரபணுவை எடுத்து வைப்பது. குளுபோசினேட் என்ற மருந்தைத் தாங்கும் மக்காச்சோளம் இப்படி 1997 இல் வந்தது. கிளைபோசேட்டைத் தாங்கும் மக்காச்சோளம் 1998 இல் வந்தது. முதலில் வந்த ரகத்தில் மக்காச்சோளத்தின் மரபணுவையே மாற்றி வைத்திருந்தார்கள். 2001 இல் வந்த அடுத்த வகையில் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவுநீரிலேயே சாகாமல் வாழ்ந்துகொண்டிருந்த பாக்டீரியா அது. அதனிடம் அணையாத அடுப்பு இருந்தது. அந்த அடுப்பை மக்காச்சோளத்தின் சமையல்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க விவசாயிகள் இதை வேகமாக ஏற்றுக்கொண்டார்கள். அந்நாட்டு விவசாயத் துறைக் கணக்குப்படி, 2000 இல் மக்காச்சோளப் பரப்பில் 7 சதவீதம்தான் களைக்கொல்லி தாங்கும் விதை. 2014 இல் அது 89 சதவீதம் ஆயிற்று.

மகசூல் எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்றால் மகசூல் அள்ளிக் கொடுக்கிறது போலும் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கிடங்குக்கு நல்ல பூட்டாகப் பார்த்துப் போடுகிறோம். திருடன் வந்தால் சரக்குத் தப்பும். அதற்காக, பூட்டுப் போட்டதால் உள்ளே இருக்கும் நூறு மூட்டை நூற்றிருபது மூட்டை ஆகுமா? ஆகாது. களைக்கொல்லியைத் தாங்கும் குணம் அந்தப் பூட்டு மாதிரி. களை கொண்டுபோக இருந்ததைக் காப்பாற்றிக் கொடுக்கும். புதிதாக ஒரு மணியைக்கூடக் கதிரில் வைக்காது.

கதிரில் மணி வைப்பது வீரிய ஒட்டு ரகத்தின் தாய் தகப்பன் வழி. ஒட்டு விதை என்றால், பல தலைமுறை தனித்தனியாகச் சுத்தப்படுத்திய இரண்டு வம்சங்களைக் கலப்பினம் செய்து எடுக்கும் விதை. பிள்ளை இரண்டு பெற்றோரையும் மிஞ்சி வளர்கிறது. அமெரிக்காவில் 1930களில் சராசரி மகசூல் ஏக்கருக்கு 30 புஷலைத் தாண்டவில்லை. ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ, ஆக ஏழரைக் குவிண்டாலுக்கு மேல் இல்லை. 1990 இல் அது 118 புஷல், அதாவது 30 குவிண்டால். ஒட்டு விதை, உரம், நெருக்கி விதைப்பது, இயந்திரம் இவையெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நான்கு மடங்கு ஆக்கிவிட்டன. அந்த வருடத்தில் களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோள விதை ஒன்றுகூடக் கடைக்கு வந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகும் மகசூல் ஏறியது. 2023 இல் 177 புஷல், அதாவது 45 குவிண்டால். ஆனால் ஏற்றத்தின் வேகம் கூடியதா? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2016 இல் இதை விரிவாக ஆராய்ந்து, மரபணு மாற்றப் பயிர்கள் வந்ததால் அந்நாட்டில் மகசூல் ஏறும் வேகம் மாறியதாகச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. பழைய ஏணியில் பழைய வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

பின்தங்கலும் இழுவையும்

சில சமயம் இந்தக் குணத்தைச் சேர்ப்பதால் மகசூல் குறைவதும் உண்டு. அது இரண்டு வழியில் நேரும்.

முதலாவது, பின்தங்கல். புதுக் குணத்தை ஒரு நல்ல வம்சத்தில் ஏற்ற வேண்டுமானால், குணம் உள்ள செடியோடு நல்ல வம்சத்தைக் கலக்க வேண்டும். பிறக்கும் பிள்ளையில் பாதி நல்ல வம்சம், பாதி மற்றது. அந்தப் பிள்ளையை மீண்டும் நல்ல வம்சத்தோடு கலந்தால் மற்றது கால் பங்கு ஆகும். மறுபடி கலந்தால் அரைக்கால் பங்கு. இப்படி ஆறு தடவை திருப்பிக் கலந்தால்தான் மற்றது 1 சதவீதத்துக்குக் கீழே போகும். ஒவ்வொரு தடவையும் விதைத்து, பூத்து, மணி பிடிக்க வேண்டும். இதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் வேறொரு புது வம்சம் அதைவிட அதிக மகசூலோடு வந்துவிடும். நாம் பழைய தராசுக்கு முத்திரை வாங்கி வருவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் புது மின்தராசு வாங்கி வைத்துவிடுவது போல. ஆரம்ப வருடங்களில் களைக்கொல்லி தாங்கும் விதைகள் இப்படித்தான் ஒரு படி பின்னால் நின்றன. அமெரிக்க விவசாயத் துறையே 2014 இல் வெளியிட்ட அறிக்கையில், மிக உயர்ந்த மகசூல் ரகத்தில் குணம் ஏற்றப்படாதபோது முந்தைய ஆண்டுகளில் மகசூல் குறைந்ததும் உண்டு என்று ஒத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, இழுவை. கருப்பட்டி வாங்கும்போது ஓலைக் கொட்டானின் எடையும் சேர்ந்து வருகிறதல்லவா? அதுபோல வேண்டிய மரபணுவை ஒட்டிக்கொண்டு வேண்டாத சிலவும் வரும். அல்லது மரபணு உட்கார்ந்த இடமே செடிக்குச் சிறிது பாரமாக இருக்கலாம். இதைச் சோதிக்க நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் சோயாவில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு செடி வகைகளில், ஒன்றில் கிளைபோசேட் தாங்கும் குணம் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தார்கள். குணம் இல்லாத வகை 5 சதவீதம் கூடுதலாக விளைந்தது என்று 2001 இல் வெளியிட்டார்கள். மருந்து அடித்ததால் அந்தக் குறைவு வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்கள்.

விஸ்கான்சின் கணக்கு

மக்காச்சோளத்தில் இதற்கு நல்ல கணக்கு விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் வருடா வருடம் நூற்றுக்கணக்கான ஒட்டு ரகங்களைப் பல இடங்களில் விதைத்து அளந்து வெளியிடுகிறது. 1990 முதல் 2010 வரையிலான அந்தக் கணக்கை ஆராய்ந்து 2013 இல் ஒரு கட்டுரை வந்தது. கிளைபோசேட் தாங்கும் குணம் மட்டும் ஏற்றிய ரகங்கள், சாதாரண ஒட்டு ரகங்களைவிட ஏக்கருக்குச் சுமார் 6 புஷல் குறைவாகவே விளைந்திருந்தன. குளுபோசினேட் தாங்கும் ரகங்களோ சற்றே முன்னே நின்றன. தண்டுத் துளைப்பானைத் தடுக்கும் குணம் ஏற்றியவையும் சுமார் 6 புஷல் கூடுதலாகக் கொடுத்தன. ஆக, குணத்துக்குக் குணம் பலன் வேறு. "மரபணு மாற்றம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூட்டை கட்ட முடியாது.

6 புஷல் என்பது 152 கிலோ, ஒன்றரைக் குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலையில் போட்டால் ஏக்கருக்கு 3,600 ரூபாய்க்கு மேல். இது விதைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை போக வரும் நஷ்டம்.

பிறகு ஏன் விவசாயிகள் வாங்கினார்கள்? அந்தக் கட்டுரையே ஒரு பதிலும் சொல்கிறது. இந்தக் குணங்கள் ஏற்றிய ரகங்களில் மகசூலின் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது. ஒரு வருடம் அள்ளி, ஒரு வருடம் கவிழ்ந்து என்று இல்லாமல் ஒரே சீராக வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதனை வயலில் எல்லா ரகத்துக்கும் களையைச் சுத்தமாக எடுத்துவிடுவார்கள். திருடனே வராத தெருவில் பூட்டின் அருமை தெரியாது. ஆயிரம் ஏக்கரை ஓரிருவர் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கப் பண்ணையில், களை எடுக்க நேரமும் ஆளும் மிச்சமாவது பெரிய ஆதாயம். கடைக்குத் தீ காப்பீடு எடுக்கிறோம். பிரீமியம் கட்டுவதால் வியாபாரம் பெருகாது, கொஞ்சம் கையைவிட்டுப் போகும். ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அவர்கள் வாங்கியது அந்த நிம்மதியை. நாம் அதை மகசூல் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

காலம் தவறினால்

தாங்கும் விதையை விதைத்தவர்களிடமும் ஒரு தவறு பரவலாக நடந்தது. எப்போது அடித்தாலும் களை சாகும் என்ற தைரியத்தில், எல்லாக் களையும் முளைத்து வரட்டும், ஒரே தடவையாக அடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். களை செத்தது. ஆனால் சாவதற்கு முன் அது தின்னவேண்டியதைத் தின்றுவிட்டது. வசூலாகாத கடனைக் காலம் கடந்து கேட்கப்போவது மாதிரி. அதனால்தான் களை 4 அங்குல உயரத்தைத் தாண்டும் முன் அடித்துவிட வேண்டும் என்று அங்குள்ள வேளாண் அதிகாரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டு இருந்தால் மட்டும் போதாது, நேரத்துக்குப் பூட்டவும் வேண்டும்.

அறுவடையில் சிந்திய மணி அடுத்த வருடம் சோயா வயலில் தானே முளைக்கும். அதுவும் கிளைபோசேட்டைத் தாங்குமாகையால் அந்த மருந்தில் சாகாது. நேற்றுப் பயிராக இருந்தது இன்று களையாகி நின்றது.

களையும் கற்றுக்கொண்டது

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் இதுதான். ஒரே மருந்தை வருடா வருடம் லட்சக்கணக்கான ஏக்கரில் அடித்தால், தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு களைச் செடிகள் விதை போட்டுப் பெருகும். அவற்றின் பிள்ளைகளும் அந்த மருந்துக்குச் சாகா. கிளைபோசேட்டுக்குச் சாகாத களையை முதலில் 1996 இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். அமெரிக்காவில் 2000 இல் டெலாவேர் மாநிலத்திலும், 2005 இல் ஜார்ஜியா மாநிலத்திலும் புதுப் புதுக் களைகள் அகப்பட்டன. ஜார்ஜியாவில் அகப்பட்டது பால்மர் அமராந்து. நம் தண்டுக்கீரை, முள்ளுக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். ஒரே செடி பல லட்சம் விதை போடும். இந்தக் களை நெருக்கமாக முளைத்தால் மக்காச்சோள மகசூல் 91 சதவீதம் வரை போய்விடும் என்று கான்சாஸ் மாநிலச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு விதைக் கம்பெனிகள் சொன்ன வழி, இன்னொரு பூட்டு. 2018 முதல் 2,4-டி என்ற பழைய மருந்தையும் அதிகமாகத் தாங்கும் மக்காச்சோளம் அமெரிக்காவில் விற்கிறது. இப்படிப் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு பூட்டுக்கும் விதை விலையில் ஒரு தொகை ஏறும். திருடன் சாவி செய்யக் கற்றுக்கொண்ட பிறகு பூட்டின் மதிப்பு என்ன என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம். மருந்தை மாற்றி மாற்றி அடிப்பது, பயிரை மாற்றி மாற்றி விதைப்பது, இடையில் கலப்பை ஓட்டுவது ஆகிய பழைய முறைகளை அங்கேயும் இப்போது திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் நிலை

இந்தியாவில் வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்ற மக்காச்சோளம் எதுவும் கிடையாது. 2002 இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றுதான் விவசாயி கையில் இருக்கிறது. ஆகவே நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள ஒட்டு விதை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், எந்த நாட்டுப் பெயர் போட்டிருந்தாலும், கிளைபோசேட்டைத் தாங்காது. அப்படித் தாங்கும் என்று ரகசியமாக யாராவது விதை கொடுத்தால், ஒன்று அது பொய், அல்லது சட்டம் தடுத்த சரக்கு. இரண்டும் நமக்கு ஆகாது. தவிர, கிளைபோசேட் நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான் பதிவு பெற்றது. மக்காச்சோளத்துக்கு இல்லை.

மரபணு மாற்றம் இல்லாமல் களைக்கொல்லி தாங்கும் பயிர் நம் நாட்டிலும் வந்திருக்கிறது. அரிசி வியாபாரிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2021 இல் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. இவை இமாசெத்தபைர் என்ற களைக்கொல்லியைத் தாங்கும். 1992 இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் வந்த அதே வகைக் குணம். நாம் விற்கும் பழைய 1121, 1509 பாசுமதி ரகங்களில் நான் மேலே சொன்ன திருப்பிக் கலக்கும் முறையில் ஏற்றியிருக்கிறார்கள். இங்கேயும் நோக்கம், நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும்போது வரும் களையைச் சமாளிப்பதுதான்.

நம் பக்கத்து மக்காச்சோளத்துக்கு, விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் மண்ணில் ஈரம் இருக்கும்போது அட்ரசின் அடித்து, பிறகு ஒரு கைக்களை எடுப்பது பழகிப்போன முறை. உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிராகப் போட்டிருந்தால் அட்ரசின் அடிக்கக் கூடாது, பயறு செத்துவிடும். அளவை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வணிகர்கள் கவனத்துக்கு

விதையும் மருந்தும் விற்கும் நண்பர்கள், "எந்தப் பயிருக்கு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் களைக்கொல்லியை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்கள் சம்சாரியின் நான்கு ஏக்கர் தப்பியிருக்கும். உரிமம் இல்லாத மளிகைக் கடையில் பூச்சிமருந்து, களைக்கொல்லி வைப்பதே கூடாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பது பெரும் பாவம்.

முன்பணம் கொடுக்கும் மண்டிக்காரர்கள், விதை வாங்கிய ரசீதையும் ரகத்தின் பெயரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கும் கடனுக்கு ஈடு அந்தக் கதிர்தான். புதுக் குணம், புதுப் பை என்பதில் மயங்காமல், போன வருடம் பக்கத்துக் காட்டில் அந்த ரகம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று கேளுங்கள். மகசூலுக்கு அதுதான் சாட்சி.

தானிய வியாபாரம் செய்பவர்கள், "அமெரிக்காவில் புது விதை வந்துவிட்டது, இனி சரக்குக் குவியும், விலை விழும்" என்ற பேச்சை நம்பி இருப்பை அவசரமாகத் தள்ள வேண்டாம். மகசூல் மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. ஒரு வருடத்து விலையை ஆட்டுவது பெரும்பாலும் மழையும், வறட்சியும், விதைத்த பரப்பும், தேவையும்தான். களைக்கொல்லியைத் தாங்கும் ஒரு குணத்தால் சந்தையில் சரக்கு வெள்ளமாக வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சம்சாரி நான்காவது வருடம் கணக்கை நேர் செய்துவிட்டார். இப்போதும் எனக்குத்தான் சரக்குக் கொண்டு வருகிறார். போன பருவத்தில் வேறு யாரோ ஒருவர் அவரிடம் களைக்கொல்லி தாங்கும் விதை என்று சொல்லி ஒரு பையை நீட்டினாராம். "என்ன சொன்னீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு, உள்ளே எத்தனை மூட்டை இருக்குன்னு முதல்ல காட்டுங்கன்னு கேட்டேன் அண்ணாச்சி" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் அவர். அடுத்தவர் அந்த விலையைக் கொடுக்காமலே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதினேன்.